போதை ஏறாத கஞ்சாவா? பதற்றத்துக்கும் வலிக்கும் ‘ஹார்லெக்வின்’... ஆய்வுகள் சொல்வது என்ன?

இரவு 11.40-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் கல்லூரித் தோழி.

“ஏய், ஹார்லெக்வின்னு ஒரு கஞ்சா வெரைட்டி இருக்காமே... போதையே ஏறாதாம். பதற்றம், கழுத்து வலி ரெண்டுக்கும் நல்லா கேக்குதாம். கலிபோர்னியால டாக்டரே எழுதிக் குடுக்குறாங்களாம். எங்க பெரியம்மா பையன் அடுத்த மாசம் சாக்ரமென்டோல இருந்து வர்றான். கம்மி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? நீ நியூஸ்லதானே இருக்க, பாத்து சொல்லு.”

(கம்மி என்றால் நம்ம ஊர் ‘கம்மி’ இல்லை. கஞ்சாச் சாறு கலந்த ஜெல்லி மிட்டாய்.)

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு வருடமாகவே, மீட்டிங்கில் பேச வேண்டிய நாள் என்றால் முதல் நாள் ராத்திரியே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுமாம். பத்து மணி நேரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கழுத்தில் பிடித்த பிடிப்பு தோள்பட்டை வரை இறங்கிவிட்டது. மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், ‘உனக்கு என்ன குறை?’ என்று வீட்டில் கேட்பார்கள் என்ற தயக்கம். இந்த நேரத்தில் யாரோ ஒருவர் இன்ஸ்டாகிராமில் வந்து, “இது கெமிக்கல் இல்லைங்க, செடி” என்று சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

“பாத்துட்டு சொல்றேன்” என்று பதில் போட்டேன். பார்த்து முடிக்க இரண்டு வாரம் ஆனது.

ஹார்லெக்வின் என்பது என்ன?

மாம்பழத்தில் பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், மல்கோவா என்று இருப்பதுபோல கஞ்சாச் செடியிலும் நூற்றுக்கணக்கில் ரகங்கள் உண்டு. அதில் ஒன்று ஹார்லெக்வின். பழைய இத்தாலிய நாடகங்களில் பல வண்ண ஒட்டுத் துணி உடுத்தி வரும் கோமாளியின் பெயர் அது. கலிபோர்னியாவில் பிரபலமான ரகம். வேட் லாஃப்டர் என்ற வளர்ப்பாளரோடு சேர்த்துத்தான் இந்தப் பெயரைப் பேசுவார்கள். கொலம்பியா, தாய்லாந்து, சுவிட்சர்லாந்து, நேபாளம் என நான்கு நாட்டுச் செடிகளின் ரத்தம் இதில் ஓடுகிறது என்பது விதை வியாபாரிகள் சொல்லும் குலக்கதை. பத்திரம் எதுவும் கிடையாது. வாய்வழியாக வந்த கதைதான்.

இதற்கு ஏன் இவ்வளவு மவுசு என்று புரிய, இரண்டு வேதிப்பொருட்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். டிஹெச்சி, சிபிடி.

கஞ்சாப் பூவின் மேல் பிசுபிசுவென்று இருக்கும் பிசினில்தான் இரண்டும் இருக்கின்றன. டிஹெச்சிதான் போதை. மூளையில் இருக்கும் சிபி1 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்து, நேரம் நீள்வது போலவும், சிரிப்பு அடங்காதது போலவும், சிலருக்குக் காரணமில்லாமல் பயம் கவ்வுவது போலவும் செய்வது இதுதான். சிபிடி அந்த ஏற்பியோடு அவ்வளவாக ஒட்டாது. அது செரட்டோனின் ஏற்பி உட்பட வேறு சில கதவுகளைத் தட்டுகிறது. போதை தராது. அதற்கு அடிமையாக்கும் தன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் சொல்லியிருக்கிறது.

கடைகளில் விற்கும் பெரும்பாலான கஞ்சா ரகங்களில் டிஹெச்சி ஏராளமாக இருக்கும், சிபிடி பெயருக்குத்தான் இருக்கும். ஹார்லெக்வினில் இது தலைகீழ். சிபிடி 5 பங்கு என்றால் டிஹெச்சி 2 பங்கு. எடுத்துக்காட்டாக ஒரு கிராம் பூவில் 100 மில்லிகிராம் சிபிடி இருந்தால், 40 மில்லிகிராம் டிஹெச்சி இருக்கும்.

இந்த 40-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பஸ்ஸில் வந்த 5 கிலோ

சின்னதாக ஒரு பிளாஷ்பேக். 1960-களின் தொடக்கம், இஸ்ரேல். ரஃபேல் மெக்கூலம் என்ற இளம் வேதியியலாளர், கஞ்சாவுக்குள் என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோகோ இலையிலிருந்து கோகெயினையும் பிரித்தாகிவிட்டது. கஞ்சா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ஆய்வுக்குச் சரக்கு வேண்டுமே? போலீஸிடமே கேட்டார். லெபனானிலிருந்து கடத்தி வந்து பிடிபட்ட 5 கிலோ ஹஷீஷைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ‘என்னய்யா இப்படி வாடை அடிக்குது’ என்று சக பயணிகள் பேசிக்கொண்டார்களாம். கொடுத்தது, வாங்கியது இரண்டுமே சட்டப்படி குற்றம் என்பது பிறகுதான் தெரிந்ததாம். ஆனால் அந்தப் பையிலிருந்துதான் 1963-ல் சிபிடியின் வடிவமும், 1964-ல் டிஹெச்சியும் வெளியே வந்தன.

நம் உடலே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1992-ல் அவருடைய குழு கண்டுபிடித்தது. அதற்கு வைத்த பெயர் அனந்தமைட். ‘ஆனந்தம்’ என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. மெக்கூலம் 2023 மார்ச்சில் 92 வயதில் காலமானார்.

சரி, கலிபோர்னியாவுக்குத் திரும்புவோம். அங்கே 1996-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் மருத்துவக் கஞ்சா அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். ஆனால் பல வருடங்களாக, விற்கும் பூவில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2008 வாக்கில் ஓக்லாந்தில் ஸ்டீப் ஹில் போன்ற ஆய்வகங்கள் வந்து, பூக்களை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வந்த மாதிரிகளில் கிட்டத்தட்ட எல்லாமே டிஹெச்சி. சிபிடி மிகுந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அந்த விரல்களில் ஒன்று ஹார்லெக்வின்.

ஏன் அவ்வளவு அரிது? செடிக்குள் டிஹெச்சி, சிபிடி இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்துதான் உருவாகின்றன. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மரபணு முடிவு செய்கிறது. கள்ளச்சந்தையில் ‘கிக்’ இருந்தால்தான் விலை. அதனால் பல பத்தாண்டுகளாக டிஹெச்சி பக்கம் சாயும் செடியையே தேர்ந்தெடுத்து, மற்றதைப் பிடுங்கிப் போட்டார்கள். சிபிடி செடி அப்படியே வழக்கொழிந்து போனது.

ஹார்லெக்வின் இரண்டு பக்கத்து மரபணுவும் கலந்த செடி. அதனால் அதன் விதையைப் போட்டால் அதே குணம் வரும் என்று நம்ப முடியாது. இதே மாதிரி கலப்பான இரண்டு செடிகளைச் சேர்த்து விதை எடுத்தால், சுமார் கால்வாசி சுத்தமாக டிஹெச்சி செடியாக, கால்வாசி சிபிடி செடியாக, மீதிப் பாதிதான் கலவையாக வரும். எனவே தாய்ச் செடியிலிருந்து போத்து வெட்டி நடுவார்கள். நம் ஊரில் முருங்கைக்குச் செய்கிறோமே, அதேதான்.

பெயரை நம்பி வாங்கலாமா?

இங்கேதான் முதல் சிக்கல். மாத்திரை அட்டையில் ‘500 மி.கி.’ என்று போட்டிருந்தால் எந்த ஊரில் வாங்கினாலும் 500தான். கஞ்சா ரகத்தின் பெயர் அப்படி இல்லை. ஒரே போத்திலிருந்து வந்த செடிகூட மண், வெளிச்சம், அறுவடை செய்யும் நாள், காயவைக்கும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அதற்கும் மேல், ‘ஹார்லெக்வின்’ என்று எழுதி ஒட்டினால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் விற்ற சுமார் 90,000 மாதிரிகளின் ஆய்வக முடிவுகளை அலசிய ஒரு ஆய்வு 2022-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. ‘இண்டிகா என்றால் உடம்பைத் தளர்த்தும், சடைவா என்றால் சுறுசுறுப்பு’ என்று கடைக்காரர்கள் அடித்துவிடுவார்களே, அந்த லேபிள்களுக்கும் உள்ளே இருந்த வேதிப்பொருட்களுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. ரகப் பெயர்களில் சில ஓரளவு ஒத்துப்போயின. சில சுத்தமாக ஒத்துப்போகவில்லை.

கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற கடைகளில் விற்பதற்கு ஆய்வகச் சோதனை கட்டாயம் என்பதால், அங்கே வாங்குபவர் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கலாம். ஆன்லைனில் அந்த வசதியும் கிடையாது. 2017-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்தார்கள். லேபிளில் இருந்த அளவு உள்ளேயும் சரியாக இருந்தது 26-ல் மட்டும். 18 பொருட்களில் டிஹெச்சியும் இருந்தது.

பதற்றத்துக்கு வேலை செய்கிறதா?

தோழிக்கு வேண்டியது இந்தப் பதில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சிபிடிக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படும் ஆய்வு பிரேசிலில் நடந்தது. 2011-ல் வெளியானது. சமூகப் பதற்றக் கோளாறு இருந்தும் அதுவரை சிகிச்சை எடுக்காத 24 பேர். பாதிப் பேருக்கு 600 மில்லிகிராம் சிபிடி, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பிறகு கேமரா முன்னால் மேடைப் பேச்சு. சிபிடி எடுத்தவர்களுக்குப் பதற்றம் கணிசமாகக் குறைந்திருந்தது. மீட்டிங் என்றாலே படபடக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடைக்காது.

பிறகு 2019-ல் அதே நாட்டில் இன்னொன்று. 57 ஆரோக்கியமான ஆண்களுக்கு 150, 300, 600 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவு. வேலை செய்தது 300 மட்டும். 150 போதவில்லை, 600-லும் பலன் இல்லை. கூட்டினால் கூடுதல் பலன் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை.

டிஹெச்சி? சிகாகோவில் 42 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. வேலைக்கான நேர்காணல் போல ஒரு சூழல், முன்னால் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். 7.5 மில்லிகிராம் டிஹெச்சி எடுத்தவர்களுக்கு மன அழுத்தம் சீக்கிரம் தணிந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கோ பேச ஆரம்பிக்கும் முன்பே பதற்றம் கூடிவிட்டது. நடுவில் வெறும் 5 மில்லிகிராம்தான் வித்தியாசம்.

இப்போது அந்த 40-க்கு வருவோம்.

பிரேசில் ஆய்வில் வேலை செய்த அளவு 300 மில்லிகிராம் சிபிடி. அதுவும் சுத்திகரித்த, தனி சிபிடி. அந்த அளவை ஹார்லெக்வின் பூவிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 3 கிராம் பூ வேண்டும். அதோடு 120 மில்லிகிராம் டிஹெச்சியும் கூடவே வரும். கலிபோர்னியாவில் சாப்பிடும் பொருள் ஒன்றில், ஒரு வேளைக்கு அனுமதிக்கப்பட்ட டிஹெச்சியே 10 மில்லிகிராம்தான். அதாவது 12 வேளைக்கானது ஒரே நேரத்தில்! பதற்றம் தணிவதாவது, ஆளை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

மாற்றிப் பாருங்கள். சிகாகோவில் வேலை செய்த 7.5 மில்லிகிராம் டிஹெச்சியை ஹார்லெக்வினில் எடுத்தால், கூட வரும் சிபிடி சுமார் 19 மில்லிகிராம். பிரேசிலில் போதாமல் போன 150-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆக, ‘சிபிடி பதற்றத்தைக் குறைக்கிறது என்று ஆய்வு சொல்கிறது, ஹார்லெக்வினில் சிபிடி அதிகம், எனவே ஹார்லெக்வின் பதற்றத்தைக் குறைக்கும்’ என்ற வாதம் கணக்குப் போட்டதும் உடைந்துவிடுகிறது. ஹார்லெக்வின் எடுத்து நிம்மதியாக உணர்ந்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நிம்மதி கொஞ்சூண்டு டிஹெச்சி தந்த லேசான போதையாகவே இருக்கலாம். என்னைக் கேட்டால், ‘போதையே ஏறாதாம்’ என்ற வரிதான் இந்த விளம்பரங்களிலேயே மோசமான வரி.

‘சிபிடி இருப்பதால் டிஹெச்சி அடங்கிவிடும்’ என்பது உண்மையா?

கஞ்சாக் கடைகளில் அதிகம் காதில் விழும் சமாதானம் இது. சாம்பாரில் காரம் கூடினால் தேங்காய்ப்பால் ஊற்றுவதுபோல, சிபிடி டிஹெச்சியைச் சமன் செய்துவிடுமாம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 46 பேர், நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் 10 மில்லிகிராம் டிஹெச்சியை ஆவியாக இழுக்க வேண்டும். அதோடு சிபிடி 0, 10, 20, 30 மில்லிகிராம். ஹார்லெக்வினின் விகிதம் இரண்டரைக்கு ஒன்று. ஆக, அதுவும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. 2022-ல் வந்த முடிவு: எந்த அளவு சிபிடியும் காப்பாற்றவில்லை. ஞாபகத் தடுமாற்றம், சந்தேக புத்தி எல்லாம் அப்படியே இருந்தன.

அடுத்த வருடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 18 பேருக்கு பிரவுனி கேக்கில் 20 மில்லிகிராம் டிஹெச்சி. ஒரு தடவை தனியாக, ஒரு தடவை 640 மில்லிகிராம் சிபிடியோடு. சிபிடி சேர்ந்தபோது போதை கூடியது. காரணம் கல்லீரல். டிஹெச்சியை உடைக்க வேண்டிய நொதிகளை சிபிடி பிடித்து வைத்துக்கொள்வதால், டிஹெச்சி ரத்தத்தில் அதிக நேரம் சுற்றுகிறது. ஹார்லெக்வினில் கிடைப்பதைவிட இது மிகப் பெரிய அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லீரல் விஷயம் மாத்திரை எடுப்பவர்களுக்கு முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் க்ளோபசாம், சில மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவற்றின் அளவை சிபிடி ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தும், அரிய வகை வலிப்பு நோய்களுக்கு, கல்லீரல் பரிசோதனையோடுதான் தரப்படுகிறது. பதற்றத்துக்கோ கழுத்து வலிக்கோ அது அனுமதிக்கப்படவில்லை.

சரி, வலிக்கு?

வலி விஷயத்தில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கஞ்சா உதவுகிறது என்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. 2021-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்குக் கஞ்சாப் பொருட்களைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று அறிவித்தது. ஆதரவு ஆய்வுகளிலும் பெரும்பாலானவை நரம்புச் சேதம், தண்டுவட மரப்பு நோய் போன்ற கடுமையான வலிகளைப் பற்றியவை. லேப்டாப் கழுத்து வலியைப் பற்றியவை அல்ல.

கிட்டத்தட்ட நம் வகை வலிக்கு ஒரு ஆய்வு இருக்கிறது. மெல்போர்னில் திடீர் இடுப்பு வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 100 பேர். வழக்கமான வலி மாத்திரையோடு சேர்த்து, பாதிப் பேருக்கு 400 மில்லிகிராம் சிபிடி, பாதிப் பேருக்கு வெறும் திரவம். 2021-ல் வந்த முடிவில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு ஆய்வு எங்களை மாதிரி ஆட்களையே குத்துகிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், கஞ்சா-வலி பற்றிய 20 சோதனைகளைச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் சுமார் 1,450 பேர். வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்திருந்தது. அதோடு, எந்தச் சோதனையாக இருந்தாலும், முடிவு எப்படி வந்திருந்தாலும், ஊடகங்கள் பெரும்பாலும் ‘கஞ்சா பலன் தருகிறது’ என்ற தொனியில்தான் எழுதியிருந்தன. அதைப் படித்து வளரும் எதிர்பார்ப்பும் வலியைக் குறைப்பதில் பங்கு வகிக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம்.

பதற்றம், வலி இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. பாஸ்டனில் வலி, தூக்கமின்மை, பதற்றம் அல்லது மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 186 பேர். ஒரு பிரிவுக்கு மருத்துவக் கஞ்சா அட்டை உடனே. மற்றவர்கள் 12 வாரம் காத்திருக்க வேண்டும். என்ன ரகம், எவ்வளவு என்பதெல்லாம் அவரவர் விருப்பம். நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தானே? 12 வாரம் கழித்துப் பார்த்தால், அட்டை கிடைத்தவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டிருந்தது. வலியிலும் பதற்றத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கஞ்சாவை விட முடியாமல் சிக்கிக்கொள்ளும் பிரச்சினை மட்டும் அந்தப் பிரிவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

‘டாக்டரே எழுதிக் குடுக்குறாங்களாம்’

பாதி உண்மை. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி கஞ்சாவுக்கு எந்த டாக்டரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. கலிபோர்னியாவில் ‘பரிந்துரை’ என்று ஒரு கடிதம் தரலாம். அதில் எந்த ரகம், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்றெல்லாம் இருக்காது. அதைக் கடையில் நிற்கும் ஊழியர்தான் சொல்வார். 2018 ஜனவரியிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் கடிதம் இல்லாமலே வாங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. மாநிலத்தில் சட்டப்படி வாங்கினாலும், குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’ என்ற இடத்தில் கஞ்சா விவகாரம் தடையாக வரலாம் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை 2019-லேயே தெளிவாக்கிவிட்டது. கிரீன் கார்டோடு காத்திருக்கும் அண்ணன், தங்கச்சிக்காகக் கடைக்குப் போவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

சென்னைக்குக் கொண்டுவந்தால்?

இந்தியாவில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சிபிடி எவ்வளவு, டிஹெச்சி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. செடியின் எந்தப் பாகம் என்றுதான் பார்க்கிறது. பூ, காய்க்கும் நுனி என்றால் கஞ்சா. பிசின் என்றால் சரஸ். இவற்றைக் கலந்து செய்த எதுவும் அதற்குள்ளேயே அடங்கும். ஹார்லெக்வின் பூ கஞ்சாதான். அந்தப் பூவின் சாற்றில் செய்த ஜெல்லி மிட்டாயும் தப்பாது. ‘போதை கம்மி சார்’ என்ற விளக்கம் கஸ்டம்ஸ் கவுன்டரில் எடுபடாது.

‘ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. தவறு. 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிசினுக்கு அந்த எல்லை 100 கிராம். வழக்கு என்று ஒன்று பதிவானால் பாஸ்போர்ட், விசா, கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் வரிசையில் நிற்கும்.

வழியில் எந்த ஊர் என்பதும் முக்கியம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு சிங்கப்பூர் வழியாக வருவோர் பலர். கஞ்சா விஷயத்தில் உலகிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று அங்கேதான். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை வரை போகும். 2023 ஏப்ரலில், ஒரு கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்ற வழக்கில், சிங்கப்பூர் தமிழர் ஒருவர் உலக நாடுகளின் வேண்டுகோளையும் மீறித் தூக்கிலிடப்பட்டார். ஒரு டப்பா கம்மிக்கு அந்தத் தண்டனை வராதுதான். ஆனால் டிரான்சிட்டில் சோதனை நடக்கும் ஊர் அது.

‘ஆன்லைன்ல இந்தியாவுலயே சிபிடி ஆயில் விக்குதே?’ என்று கேட்கலாம். அவை ஆயுஷ் உரிமத்தின் கீழ் ‘விஜயா’ என்ற பெயரில், கஞ்சா இலையிலிருந்து தயாரிக்கப்படுபவை. தனி இலை மத்தியச் சட்டத்தின் ‘கஞ்சா’ வரையறைக்குள் வராது என்ற இடைவெளியில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. இலை விஷயத்தில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மருத்துவர் பரிந்துரை இல்லாமல் தருகிறார்கள் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. ஹெம்ப் சீட் ஆயில் என்பது வேறு. அது விதையிலிருந்து எடுக்கும் சமையல் எண்ணெய் மாதிரி. 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவாக அனுமதித்தது. அதில் சிபிடி கிட்டத்தட்ட இல்லை. பதற்றத்துக்கென்று அதை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குபவர்கள் சாலட்டுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

தோழிக்கு என்ன சொன்னேன்?

கணக்கைச் சொன்னேன். 3 கிராம், 120 மில்லிகிராம் என்றதும் சிரித்தாள். சிங்கப்பூர் என்றதும் சிரிப்பு நின்றது. “அப்போ இதுக்கு வேற என்னதான் பண்றது?” என்றாள். நியாயமான கேள்வி. ‘அது வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது.

மேடைப் பதற்றத்துக்கும் மீட்டிங் படபடப்புக்கும் நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி ஒன்று. ஆமாம், கஞ்சாவில் இருக்கும் பொருளுக்கும் இந்தப் பேச்சு சிகிச்சைக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே சுருக்கெழுத்து. கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, அங்கே ‘D’, இங்கே ‘T’ என்று போனில் விளக்கப் போய் நானே குழம்பிவிட்டேன். தேவைப்பட்டால் மாத்திரைகளும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். கழுத்து வலிக்கு பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்ப்பது லேப்டாப் திரை கண் மட்டத்துக்கு இருக்கிறதா என்பதைத்தான்.

வெளிநாட்டில் இருந்து, ஏற்கெனவே இந்த மாதிரி ரகங்களை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சில விஷயங்கள் உண்டு. வேறு மாத்திரை எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எடுத்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், டிஹெச்சி இருக்கும் எதுவும் வேண்டாம். சாப்பிடும் வகை என்றால் பலன் தெரிய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இரண்டாவதை வாயில் போடுவதால்தான் பலர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

பெரியம்மா பையன் போன வாரம் வந்து சேர்ந்தான். பெட்டியில் பாதாம், சாக்லேட், லேப்டாப்பை உயர்த்தி வைக்க ஒரு அலுமினிய ஸ்டாண்ட். தோழி 14416-ல் இரண்டு தடவை பேசியிருக்கிறாள். வரும் சனிக்கிழமை டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.